ஜோடி போடாமல் வைத்த ஊசிக்குழல்கள்

என் தங்கை நீலக்கரை போட்ட வெள்ளைப் புடவையில் முதல்முதலாக வந்து நின்ற அன்று, நான் பிரசவ அறையின் தரையைக் கழுவிக்கொண்டிருந்தேன். கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில், ரயிலடியிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் இருந்த ஆரம்ப சுகாதார நிலையம் அது. அங்கே எனக்கு ஆயா வேலை. அவளுக்கு நர்ஸ் பயிற்சி. எட்டாவது தேறிய பெண்களைச் சர்க்கார் எடுத்துப் பாடம் சொல்லிக்கொடுத்து, பிறகு ஆறு மாதம் எங்களுடையதைப் போன்ற இடத்தில் விட்டு வேலை பழக்கும். அந்த வருஷம் வந்த நான்கு பேரில் அவள் ஒருத்தி.

கழுவின தண்ணீர் அவள் காலைத் தொட்டது. “ஐயோ, அக்கா” என்று நகர்ந்தாள். பக்கத்தில் நின்ற பெரிய நர்சம்மா உடனே சொன்னார்: “இங்க அக்கா தங்கச்சியெல்லாம் கெடையாது. அவங்க ஆயா, நீ ட்ரெய்னி.” அவள் தலையாட்டினாள். அடுத்த முறை ஆயா என்றே கூப்பிட்டாள். அது அவள் வாயில் அத்தனை சுலபமாக வந்ததுதான் எனக்கு உறைத்தது.

நான் ஐந்தாவதோடு நின்றவள். நின்றதற்குக் காரணமே அவள்தான். அம்மா நடவுக்குப் போனால் கைக்குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும் என்று நைனா என் சிலேட்டை எடுத்துப் பரண்மேல் போட்டார். அந்தக் கைக்குழந்தை என் இடுப்பிலேயே வளர்ந்து, அதே பள்ளிக்கூடம் போய், நான் நின்ற இடத்தைத் தாண்டி மூன்று வகுப்பு படித்தது. கட்டிக்கொடுத்த இடத்தில் சரிப்படாமல் நான் திரும்பி வந்து ஆயா வேலையில் சேர்ந்தபோது, அம்மா அதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தங்கைக்குப் பயிற்சிக் கடிதம் வந்தபோது தெருவுக்கே வெல்லம் கொடுத்தாள். எனக்கும் ஒரு துண்டு வந்தது. தின்ன மனம் வராமல் மடியில் முடிந்து வைத்து, எறும்பு மொய்த்த பிறகு எறிந்தேன்.

அப்போது ஊசிக்குழல் எல்லாம் கண்ணாடி. காலையில் ஸ்டவ் பற்றவைத்து, குழலையும் அதற்குள் போகிற தண்டையும் தனித்தனியாகக் கழற்றி, பச்சைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். ஒரு குழலுக்கு அதற்கென்று செய்த தண்டுதான் பொருந்தும். இரண்டிலும் ஒரே எண்ணைப் பொடியாகப் பொறித்திருப்பார்கள். மாற்றிப் போட்டால் இறுகிக்கொள்ளும், இல்லாவிட்டால் மருந்து பின்பக்கமாக ஒழுகும். என் வேலை கொதிக்கவைப்பதோடு சரி. எண் பார்த்துப் பொருத்துவது நர்ஸ் வேலை. ஆனால் என் ஐந்தாவது படிப்புக்கு அந்த எண்கள் தெரியும். யாரும் சொல்லாமலே, இடுக்கியால் எடுத்து ட்ரேயில் ஜோடி ஜோடியாக வைப்பேன். அந்த ஒரு வேலையில் எனக்கு உள்ளுக்குள் கர்வம் உண்டு. வெளியே சொல்ல வெட்கம்.

என் தங்கை ட்ரேயில் இருப்பதை அப்படியே எடுத்துப் போடுவாள். எண் பக்கம் கண்ணே போகாது. ஜோடி தானாகவே அமைகிறது என்று நினைத்தாளோ என்னவோ. நடுங்காத கை என்று பெரிய நர்சம்மா அவளை மெச்சுவார். ஊசி போட வருகிறவர்கள், சின்ன நர்சம்மா போட்டால் வலிக்கவே இல்லை என்று அவளைத் தேடி வரிசையில் நின்றார்கள். நான் பக்கத்தில் பஞ்சு எடுத்துக் கொடுத்துக்கொண்டு நிற்பேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் அவள் படிக்க வேண்டும் என்று, அவள் புடவையை அலசி நீலம் போடுகிற வேலையை அம்மா என்னிடம் தள்ளிவிடுவாள். கொஞ்சம் அதிகமாகவே நீலம் போடுவேன்.

ஆறாம் மாதம் சோதனை வந்தது. ஜில்லா ஆபீசிலிருந்து ஒரு மேடம் வந்து, ஒவ்வொருத்தியையும் கட்டுப் போடச் சொல்லி, ஊசி போடச் சொல்லிப் பார்ப்பார். தேறினால் வேலை. தவறினால் மறுபடி மூன்று மாதம் பயிற்சி, அதிலும் தவறினால் வீடு. அன்று காலை ஸ்டவ் பக்கத்தில் நான் தனியாக இருந்தபோது தங்கை வந்து குனிந்தாள்.

“அக்கா, பயமா கீதுக்கா. நீ இங்கயே நின்னுக்கினு இரு.”

நான் எங்கே போகப் போகிறேன் என்றேன்.

“பாஸாயிட்டா மொத சம்பளத்துல ஒனக்கு நல்ல பொடவயா எடுத்துத் தரேன்” என்றாள்.

அன்பாகத்தான் சொன்னாள். எனக்கு நெஞ்சு காந்தியது. எடுத்துத் தருவாளாம். நான் கைநீட்டி வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

கொதித்த குழல்களை அன்று கையில் வந்தது வந்தபடி ட்ரேயில் வைத்தேன். என் வேலை கொதிக்கவைப்பது, அதைச் செய்தாயிற்று என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் முன்னால் இருந்த மூன்றாம் எண் குழலுக்குப் பக்கத்தில் ஏழாம் எண் தண்டு தானாக வந்து படுக்கவில்லை. நான்தான் இடுக்கியால் நகர்த்தி வைத்தேன்.

முதலில் என் தங்கையைக் கூப்பிட்டார்கள். கால்புண் பழுத்து வந்திருந்த ஒரு அம்மாள் கையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தங்கை முன்னால் இருந்ததை எடுத்துப் பொருத்தி, மருந்தை ஏற்றி, ஊசியைக் குத்தி அழுத்தினாள். பால் மாதிரி இருந்த பென்சிலின் பின்பக்கமாக வந்து அவள் மணிக்கட்டில் வழிந்தது.

“நம்பர் பாத்துப் போட்டியாம்மா?” என்றார் மேடம்.

“நம்பரா மேடம்?”

ஆறு மாதமாக இதைக்கூடப் பழகவில்லையா என்று மேடம் பெரிய நர்சம்மாவைப் பார்த்தார். தங்கை வாசற்படியில் நின்ற என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். நான் எப்போதும் தரையைப் பார்த்து நிற்கிறவள் என்பதால் யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. இவளுக்கு நடந்ததைப் பார்த்து மற்ற மூன்று பேரும் எண் பார்த்துப் பொருத்தித் தேறிவிட்டார்கள்.

வீட்டில் அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். “எவ கண்ணோ பட்டுகீது” என்று அம்மா உப்பு மிளகாயை அவளுக்குச் சுற்றி, அடுப்பில் போட என் கையில் கொடுத்தாள். போட்டேன். நெடியே வரவில்லை. “பாத்தியா, அம்மாம் பெரிய கண்ணு” என்றாள் அம்மா. நான் அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தேன்.

அவள் தோற்றுப் போனதில் எனக்குக் கிடைத்த லாபம், இன்னும் மூன்று மாதம் அவளுக்கு ட்ரே தூக்கினதுதான். அடுத்த சோதனையில் தேறி, வேறு ஊரில் வேலைக்குச் சேர்ந்து, சொன்னபடி புடவையும் எடுத்துக்கொண்டு வந்தாள். நல்ல புடவை. பெட்டியில் அடியில் வைத்தேன்.

சில வருஷம் கழித்து, கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வந்து, இரும்பு கிழித்த கையோடு ஆட்கள் எங்களிடம் ஓடிவர ஆரம்பித்த காலத்தில், அவளை எங்கள் நிலையத்துக்கே மாற்றினார்கள். இப்போது அவள்தான் பெரிய நர்சம்மா. புதிதாகப் பயிற்சிக்கு வந்த பெண்களைச் சுற்றி நிற்கவைத்து முதல் பாடம் சொன்னாள். நான் ட்ரேயை ஏந்திக்கொண்டு நின்றேன்.

“ட்ரேல கீதேன்னு எடுத்துப் போட்றாதீங்க. ஆயா ஜோடி போட்டு வெச்சிருப்பாங்கன்னு நம்பவே நம்பாதீங்க. நம்பர் பாருங்க. இத்த கத்துக்க எனக்கு மூணு மாசம் போச்சி.”

பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் என் பக்கம் திரும்பவில்லை. தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. ஒரு பெண் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் செய்த கெடுதல்கூடத் தங்கை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடமாகிவிட்டதே என்று வயிறு எரிந்தது.

ட்ரேயை மேசையில் வைத்து, மூன்றுக்குப் பக்கத்தில் மூன்றையும் ஏழுக்குப் பக்கத்தில் ஏழையும் சேர்த்து வைத்தேன். அந்தப் பெண்கள் அதைக் கலைத்துவிட்டு, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எண் பார்த்தார்கள்.