மைக் அக்கா மாற்றி வாசித்த அத்தியாயம்

எங்கள் பேருந்து நிலையத்தில் ஒரு பேருந்து பதினோரு நிமிடம் தாமதம் என்றால், ஒலிபெருக்கியில் பதினோரு நிமிடம் என்றுதான் வரும். பத்து என்று வராது. "சற்றுத் தாமதமாக" என்று மழுப்புவதும் கிடையாது. அப்படி அறிவிக்கிறவளை ஊரே மைக் அக்கா என்றுதான் கூப்பிட்டது. டைம் கீப்பர் கிறுக்கி அனுப்பும் சீட்டு புரியவில்லை என்றால், எதையாவது சொல்லிச் சமாளிக்க மாட்டாள். கண்ணாடி அறையை விட்டு இறங்கி வந்து, "அண்ணே, இது ஒண்ணா, ஏழா?" என்று கேட்டுவிட்டுத்தான் மைக்கைத் தொடுவாள். "ஒண்ணோ ஏழோ, வர்றப்ப வரட்டுமேம்மா" என்று அவர் தலையில் அடித்துக்கொள்வார். தாளில் உள்ளதை உள்ளபடி வாசிப்பதுதான் அவள் வேலை. அவள் கர்வமும் அதுதான்.

அப்படிப்பட்டவள் ஒரு நாவலில் இரண்டு பக்கத்தைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிட்டாள் என்று யாராவது சொல்லியிருந்தால், நான் சண்டைக்கே போயிருப்பேன். சண்டைக்குப் போவது எனக்குப் புதிதில்லை. கல்லூரியில் எனக்குப் பட்டாசு என்று பெயர்.

மைக் அக்காவின் தம்பி என் வகுப்பு. பிறவியிலிருந்தே பார்வை இல்லை. அதற்காக யாராவது "ஐயோ பாவம்" என்று ஆரம்பித்தால் தொலைந்தார்கள். ஏன் பாவம், எதில் பாவம் என்று குறுக்கு விசாரணை செய்து ஆளை அழவைத்துவிடுவான். வக்கீல் என்று பெயர் வைத்தோம். அதில் அவனுக்கு ஏகப் பெருமை. அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. மாடியில் சித்தி குடும்பம், கீழே இரண்டு அறையில் அக்காவும் தம்பியும். அவனைவிட அவள் பதினான்கு வயது பெரியவள்.

அவன் நான்காம் வகுப்புப் படித்ததிலிருந்து அவனுடைய பாடப் புத்தகங்கள் அத்தனையையும் அவள்தான் வாசித்திருக்கிறாள். வேலை இல்லாத மதிய நேரங்களில் மேசைமுன் உட்கார்ந்து, கைபேசியில் பதிவு செய்து கொடுப்பாள். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதைக்கூட விடமாட்டாள். அச்சுப்பிழை இருந்தால் பிழையோடு வாசித்துவிட்டு, "இது அவங்க தப்பு தம்பி, என் தப்பு இல்லை" என்று பதிவிலேயே சொல்லிவிடுவாள். நாங்கள் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம்.

அந்த வருடம் எங்களுக்கு ஒரு பழைய நாவல் பாடம். நூறு வருடத்துக்கு முன்னால் எழுதியது. தாயில்லாத ஒரு வீட்டில் அக்காதான் தம்பியை வளர்க்கிறாள். கடைசி அத்தியாயமான முப்பத்திரண்டில், ஒரு நாள் விடிகிற நேரம், அந்த அக்கா குடத்தில் தண்ணீரை நிரப்பி வைத்துவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். திரும்பி வரவே இல்லை. தம்பி கதவைச் சாத்தாமல் காத்துக் கிடக்கிறான். கடைசிப் பக்கத்தில் எழுந்து போய்த் தாழ்ப்பாள் போடுகிறான். கதை அவ்வளவுதான்.

எங்கள் மேடம் எப்போதும் வரிசையாகத்தான் நடத்துவார். முப்பத்திரண்டாம் அத்தியாயத்துக்கு வர இன்னும் ஒரு மாதமாவது ஆகும். அந்த வியாழக்கிழமை என்ன தோன்றியதோ, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "இன்னைக்குப் பாடம் வேண்டாம். எல்லாரும் முழுசாப் படிச்சிட்டீங்கதானே? அந்த அக்கா செஞ்சது சரியா, தப்பா? யார் முதல்ல?" என்றார்.

வக்கீல் எழுந்துவிட்டான். அவன் எழாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

"மேடம், எல்லாரும் அவ போனதைப் பத்தியே பேசப் போறாங்க. நான் அவ திரும்பி வந்ததைப் பத்திப் பேசறேன். தெரு முனை வரைக்கும் போயிடறா. அடுப்பை அணைச்சோமான்னு சந்தேகம் வருது. திரும்பி வர்றா. வந்து பார்த்தா, அணைஞ்சுதான் இருக்கு. அணைஞ்சிருக்கும்னு அவளுக்கு முன்னாடியே தெரியும் மேடம். அடுப்பு ஒரு சாக்கு. 'எங்கே போனே?'ன்னு தம்பி கேக்கறான். 'எங்கேயும் போகலை'ங்கறா. அந்த ஒரு பொய்யிலதான் மேடம் மொத்த நாவலும் நிக்குது."

ஐந்து நிமிடம் பேசினான். அவன் அவ்வளவு அழகாகப் பேசி நான் கேட்டதில்லை. நாற்பது பேர் இருந்த வகுப்பில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. தன் பேச்சில் எல்லோரும் சொக்கிப் போய்விட்டோம் என்று நினைத்துக்கொண்டு அவன் இன்னும் உற்சாகமானான். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். மேடம் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருந்தார்.

"எந்தப் பக்கம்ப்பா?" என்றார் கடைசியில்.

"பக்கத்தைக் கண்டேனா மேடம்? முப்பத்திரண்டாம் அத்தியாயம், கடைசிப் பகுதி."

பின் பெஞ்சில் பேக்கரிக்காரன் களுக்கென்று சிரித்தான். காலையில் பேக்கரியில் வேலை பார்த்துவிட்டு வகுப்பில் தூங்குகிறவன், அன்றைக்கென்று விழித்திருந்தான். அவன் சிரித்த ஆத்திரத்தில் நான் கத்தித் தொலைத்தேன்.

"டேய், அப்படி ஒண்ணுமே புத்தகத்துல இல்லைடா! அவ திரும்பி வரவே மாட்டா!"

என் வாயில் கொள்ளியை வைக்க. நாற்பது பேர் முன்னால் அதை நான் சொல்லியிருக்க வேண்டாம்.

"நீ ஒழுங்காப் படிக்கலை" என்றான் என்னிடம். பிறகு, "மேடம்?" என்றான்.

மேடம் பொய் சொல்லவில்லை. "புத்தகத்துல அவ வரலைப்பா" என்றார்.

அவன் முகம் வெளுத்துப் போயிற்று. உட்கார்ந்தான். கைபேசியைத் தடவி எடுத்து, இயர்போனில் ஒன்றைத் தன் காதில் செருகிக்கொண்டு, மற்றதை என் பக்கம் நீட்டினான். மைக் அக்காவின் குரல். "குடத்தை நிரப்பி வைத்தாள். வாசலைத் தாண்டினாள்." அதற்குப் பிறகு நாலைந்து விநாடி ஒன்றும் இல்லை, மின்விசிறிச் சத்தம், நாற்காலி நகரும் சத்தம், தாள் சலசலப்பு. பிறகு அதே குரல், அதே நிதானம்: "தெரு முனை வரை சென்றவளுக்குச் சட்டென்று அடுப்பின் நினைவு எழுந்தது." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்றை ஏழாக்கி வாசிக்க மறுத்தவள், ஒரு நாவலாசிரியரின் நடையையே காப்பியடித்து இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள்!

மேடம் வகுப்பை அத்தோடு நிறுத்திவிட்டார். "நாளைக்கு ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிட்டு வாங்க. கதையைப் பத்தி வேண்டாம். இன்னைக்கு நடந்த பேச்சு உங்களை என்ன பண்ணுச்சோ, அதை எழுதுங்க" என்றார். அந்தப் பக்கங்களைப் பிறகு நான் பார்த்தேன். எல்லோருமே பேயறைந்த மாதிரிதான் எழுதியிருந்தார்கள். புத்தகத்தையே நம்ப முடியாதென்றால் எதை நம்புவது என்று முதல் பெஞ்சுக்காரி ஒன்றரைப் பக்கம் புலம்பியிருந்தாள். பேக்கரிக்காரன், "சிரித்தது தப்பு. நான் நாவலைப் படிக்கவே இல்லை. எனக்கு அவன் சொன்ன முடிவுதான் பிடித்தது" என்று மூன்று வரி எழுதியிருந்தான்.

"நான் லைப்ரரில இருக்கேன். நாலு மணிக்கு வந்து என் பக்கத்தை எழுதிக் குடு" என்றான் வக்கீல். தேர்வைத் தவிர மற்றதெல்லாம் அவன் சொல்ல நான்தான் எழுதுவேன். சரி என்று சொல்லிவிட்டு, நான் நேராகப் பேருந்து நிலையத்துக்குப் போனேன். வழியெல்லாம் பொருமிக்கொண்டே போனேன்.

நாலு படி ஏறினால் அந்தக் கண்ணாடி அறை. ஒரு மேசை, மைக், மணி அடிக்கும் பொத்தான், கம்பியில் குத்தி வைத்த தாமதச் சீட்டுகள், தண்ணீர் பாட்டில்.

"அக்கா, அடுப்பு எங்கேயிருந்து வந்துச்சு?" என்றேன். எப்படி இருக்கீங்க, சாப்பிட்டீங்களா, ஒன்றும் கிடையாது.

அவள் கை அப்படியே நின்றது. ஆனாலும் கையிலிருந்த சீட்டில் உள்ள பேருந்தை ஒரு பிசிறில்லாமல் அறிவித்துவிட்டு, மைக்கை அணைத்து, அணைந்ததா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் என்னிடம் திரும்பினாள்.

"அந்தப் பாடம் அடுத்த மாசம்தானே?" என்றாள்.

வேண்டுமென்றே, நாள் கணக்குப் பார்த்துச் செய்திருக்கிறாள். திட்டுவதற்கு எடுத்துக்கொண்டு போனதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது.

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய ட்ரிப் ஷீட்டை எடுத்துக் காட்டினாள். பின்பக்கம் முழுக்க அவள் கையெழுத்தில் அந்த அடுப்புக் கதை. அடித்து, திருத்தி, மறுபடி அடித்திருந்தாள்.

"உள்ளபடி வாசிக்கத்தாம்மா உக்காந்தேன். 'வாசலைத் தாண்டினாள்' வரைக்கும் வந்துட்டேன். அதுக்கு மேல வாய் வரலை."

"ஏன்?"

"நானும் போறேன்."

அடுத்த மாதத்திலிருந்து இங்கே கம்ப்யூட்டரே அறிவித்துவிடுமாம். மைக்குக்கு ஆள் தேவையில்லை. ஏழு மணி நேரப் பயணத்தில் இருக்கிற தலைமை நிலையத்தில், புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை. தேர்வு எழுதி, முதலாவதாக வந்து வாங்கியிருக்கிறாள். திங்கட்கிழமை சேரவில்லை என்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். சித்திக்குத் தெரியும். டைம் கீப்பருக்குத் தெரியும். பெட்டிகூடக் கட்டி மாடியில் சித்தி வீட்டில் வைத்தாகிவிட்டது. தம்பிக்கு மட்டும் தெரியாது.

"எனக்கு முப்பத்து நாலு வயசாகுது. எனக்குன்னு ஆசைப்பட்டு வாங்கினது இது ஒண்ணுதாம்மா. போகாதேன்னு அவன் சொல்லமாட்டான். ஆனா அவன் முகம் ஒரு மாதிரி ஆயிடும் பாரு, அதைப் பார்த்துட்டு என்னால பஸ் ஏற முடியாது. போய்ச் சேர்ந்துட்டு போன்ல சொல்லிக்கலாம்னு..."

"அடிப்பாவி!" என்றேன். வயதில் இத்தனை மூத்தவளைப் பார்த்து அப்படி வாயில் வந்துவிட்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

"நீ சொல்லிடாதேம்மா. நானே சொல்லிக்கறேன்."

"எப்போ?"

அவள் அடுத்த சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். சொல்லமாட்டேன் என்று தலையாட்டிவிட்டு இறங்கினேன். நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாலு மணிக்கு நூலகத்தில் அவன் எதிரே உட்கார்ந்தேன். அவன் வரி வரியாகச் சொல்ல, நான் எழுதினேன்.

"என் அக்கா ஓர் எழுத்தை மாற்றி வாசிக்கிறவள் இல்லை. இந்த நாவலில் அப்பா சாகிற இடத்தை அவள் குரல் நடுங்காமல் வாசித்தாள். வெள்ளத்தில் குழந்தை போகிற இடத்தையும் அப்படியே வாசித்தாள். எனக்கு வருத்தமாக இருக்குமே என்று எதையும் மாற்றியதில்லை. இந்த ஓர் இடத்தை மட்டும் மாற்றியிருக்கிறாள்." கொஞ்சம் நிறுத்தினான். "எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"அடுத்த வரி. ஆகவே என் அக்கா போகப் போகிறாள்."

பேனா நின்றுவிட்டது. அவனிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. நூலகத்தில் தனியாக உட்கார்ந்து, நாலு மணிக்குள் அவனே கண்டுபிடித்துவிட்டான்.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றான். "நீ ஒரு நிமிஷம் சும்மா இருந்தாலே விஷயம் பெருசுன்னு அர்த்தம். உனக்குத் தெரியும்ல?"

வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன், அதுவும் பிரயோஜனப்படவில்லை.

"சரி, எழுது" என்று மிச்சத்தையும் சொன்னான். எழுதி முடித்ததும் பையைத் தோளில் போட்டுக்கொண்டான். "வா, அவகிட்ட போகலாம்."

அக்காவுக்கு அன்று ஆறு மணி வரை வேலை. வக்கீல் அந்த நாலு படியையும் கைப்பிடியைத் தொடாமல் ஏறினான். "நீ ஒண்ணு வாசிச்சுக் காட்டணும்" என்று தாளை நீட்டினான். அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். தாளை வாங்கி, அவளுக்குப் பழகிய என் கையெழுத்துதான் என்பதால் சாதாரணமாக ஆரம்பித்தாள். நான் பின்னால் நின்று அவள் தோளுக்கு மேல் கண்ணை ஓட்டிக்கொண்டே வந்தேன். "ஆகவே" என்ற இடத்தில் குரல் நின்றது.

வெளியே ஒரு பேருந்து ஹாரன் அடித்தது. டைம் கீப்பர் கீழேயிருந்து கண்ணாடியைத் தட்டிச் சீட்டை ஆட்டினார். மைக் அக்கா திரும்பவே இல்லை. அறிவிக்காமலே அந்தப் பேருந்து கிளம்பிப் போயிற்று.

"வாசி" என்றான் அவன்.

"ஆகவே என் அக்கா போகப் போகிறாள்" என்று வாசித்தாள். "அவள் போவது எனக்குக் கஷ்டம்தான். கஷ்டமில்லை என்று எழுதினால் அது பொய். ஆனாலும் அவள் போகட்டும். குடத்தில் தண்ணீர் நிரப்பி வைக்க வேண்டாம். எனக்கே நிரப்பத் தெரியும். சொல்லிவிட்டுப் போனால் போதும்."

வாசித்து முடித்துத் தாளை மேசைமேல் வைத்தாள். அவன் முகத்தை அவள் பக்கம் திருப்பவில்லை, என் பக்கம் திருப்பினான்.

"எழுதினபடியே வாசிச்சாளா?" என்று என்னைக் கேட்டான்.

இத்தனை வருடத்தில் அக்கா வாசித்ததை அவன் இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்த்தது அதுதான் முதல் தடவை. அவள் கன்னத்தில் அறை வாங்கியவள் மாதிரி நின்றாள்.

"ஒரு எழுத்து மாறலைடா" என்றேன்.

அவன் தலையாட்டிக்கொண்டான். இப்போதுதான் அவள் பக்கம் திரும்பினான்.

"சரி. எப்போ போறே?"

மைக் அக்கா தண்ணீர் பாட்டிலை எடுத்தாள், குடிக்காமல் வைத்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊரே அறிந்த அந்தக் குரலில், மைக் இல்லாமல் அவனுக்கு மட்டும் சொன்னாள்.

"திங்கட்கிழமை. காலை ஆறு மணி பத்து நிமிடம். மூன்றாவது நடைமேடை."