ஓணான் ஊசி

ஒரு பெண்ணுக்கு அந்த ஊசியைப் போட்டால் குழந்தை குடலையும் இழுத்துக்கொண்டு தகரத் தட்டில் வந்து விழும் என்று ஒரு காலத்தில் மனதார நம்பினேன். சிரிக்க வேண்டாம். நான் பார்த்திருந்த பிரசவங்கள் எல்லாமே அப்படித்தான் இருந்தன. பிரசவித்தவை ஓணான்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஐம்பதுகளின் கடைசியில் பெங்களூரில் ஒரு கல்லூரி விலங்கியல் துறையில் அட்டெண்டராக இருந்தேன். பிரேசர் டவுன் வேலிகளில் ஈர்க்கின் நுனியில் சுருக்குப் போட்டு, வயிறு பருத்த பெண் ஓணான்களாகப் பார்த்துப் பிடித்து வருவேன். ஈர மண் கிடைக்காவிட்டால் ஓணான் முட்டையிடாது. நாள் கணக்கில் வயிற்றிலேயே அடக்கி வைத்துக்கொள்ளும். எங்கள் புரொபசர் அதற்கு மண் தரவில்லை, ஊசி தந்தார்.

"மூளைக்கு அடியில ஒரு சுரப்பி இருக்குப்பா. நரம்பு வழியா அதுல எறங்கற சரக்கு ரத்தத்துல கலந்தா, முட்டைக் குழாய் தானாப் பிழியும். ஓணான் சம்மதமெல்லாம் வேண்டாம்" என்பார் அவர்.

மாட்டின் சுரப்பியிலிருந்து எடுத்த அந்தச் சரக்கு, கண்ணாடிக் குப்பிகளில் வரும். குத்திய சிறிது நேரத்தில் தகரத் தட்டில் வெள்ளை வெள்ளையாக முட்டைகள் விழும். ஓணான் தட்டையே பிறாண்டிக் குழி பறிக்கப் பார்க்கும். நான் காலைப் பிடித்துக்கொள்வேன். ஒருமுறை குழாய் கிழிந்து, பாதி முட்டை வெளியே நீட்டியபடியே ஒன்று செத்தது.

"டோஸ் சொல்பம் ஜாஸ்தி ஆயிடுச்சு. அடுத்ததக் கொண்டா" என்றார் புரொபசர்.

இதை வீட்டில் நடித்தே காட்டினேன். நிறைமாதமாக இருந்த என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஊர்ல இருக்கற ஓணானுக்கெல்லாம் பிரசவம் பாக்கறீங்க, எனக்கு மட்டும் ஆஸ்பத்திரியாங்க?"

வலி கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மத்தியானம் பிரசவ அறை வாசலில் நின்றிருந்தேன். நர்ஸம்மா தட்டோடு வேகமாக வந்தார். தட்டில் அதே குப்பி, அதே லேபிள். காபி பிளாஸ்க்கைக் கேடயம் மாதிரி தூக்கிக்கொண்டு குறுக்கே பாய்ந்தேன்.

"சிஸ்டர், வேணாம்! அது ஓணான் மருந்து!"

"யாருய்யா ஓணான்? உம் பொண்டாட்டியா?"

"கிழிச்சிடும் சிஸ்டர்! நானே கண்ணால பாத்திருக்கேன்! காலப் புடிச்சிக்கிட்டு இருந்ததே நான்தான்!"

"யோவ், புள்ள பொறந்தாச்சு. இது ரத்தம் நிக்கறதுக்கு. நகர்றியா, உனக்கே குத்தவா?"

முழங்கையால் என்னைச் சுவரோடு தள்ளிவிட்டு உள்ளே போனார்.

பிள்ளை பிறந்தாச்சு! அந்த ஒரு வார்த்தை போதாதா? ரத்தம் என்ற வார்த்தை காதில் ஏறவே இல்லை.

"ஆணா, பொண்ணா சிஸ்டர்?" என்று கதவைப் பார்த்துக் கத்தினேன்.

"பொண்ணு" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

பெஞ்சில் காத்திருந்த ஆண்களிடம் ஓணான் கதையை முதலிலிருந்து சொன்னேன். தகரத்தைப் பிறாண்டுவதை விரலால் சுவரில் செய்துகாட்டினேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவர் எனக்குப் பீடி கொடுத்தார். அதைப் பாதி இழுத்திருந்தபோது டாக்டரம்மா வெளியே வந்து என்னைக் கூப்பிட்டார்.

ஊசி வேலை செய்திருந்தது. கருப்பை இறுகி ரத்தம் நின்றது. என் மனைவி பிழைத்துக்கொண்டாள். பெண் குழந்தை, அந்தத் தட்டு என்னைத் தாண்டிப் போவதற்கு முன்பே, மூச்சில்லாமல் பிறந்திருந்தது.