இயர்ஃபோன் வாங்க உலு திராம் வரை

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு லாபிஸிலிருந்து கிளம்பினேன். போகும் இடம் உலு திராம். தூரம் என் கார் மீட்டர்ப்படி நூற்று நாற்பத்தொரு கிலோமீட்டர். வாங்கப் போகும் பொருளின் விலை அறுபது வெள்ளிக்குள், அதாவது அறுபது ரிங்கிட்டுக்குள். அதற்காக இவ்வளவு தூரமா என்று கேட்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அந்த இயர்ஃபோனில் நான் கேட்க வேண்டியது பாட்டு இல்லை, என் மனைவியின் குரல்.

மாலா உலு திராமில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். பதினான்கு மாதமாகக் கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். நான் லாபிஸ் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் மில்லில், பழம் பிழியும் பிரஸ் பகுதியில் பதினாறு வருடமாக இருக்கிறேன். தினமும் ராத்திரி எட்டரைக்கு அவள் போன் பண்ணுவாள். நான் வலது கையில் சோற்றைப் பிசைந்துகொண்டு இடது கையால் போனைப் பிடித்திருப்பேன். பாதிப் பேச்சு வராது. போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல ஏதோ வரும். லைன் சரியில்லை என்பேன். நீங்கள் கவனிக்கவே இல்லை என்பாள். லைனை இரண்டு தடவை மாற்றினேன், சண்டை மட்டும் மாறவில்லை. போன மாதம் ஒரு நாள், "இனிமே நான் போன் பண்ணல லா, செவுத்துக்கிட்டப் பேசிக்கிறேன்" என்று வைத்துவிட்டாள். நாலு நாள் போன் வரவில்லை. ஐந்தாம் நாள் அவளேதான் கூப்பிட்டு, நல்லதாக ஒரு இயர்ஃபோன் வாங்கலாம், வாருங்கள் என்றாள். அதிலும் சரிப்படவில்லை என்றால் என்ன செய்வது என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஏழரை மணிக்கு யோங் பெங்கில் இறங்கிச் சாப்பிட்டேன். பரோட்டா மாதிரியான ரோட்டி சானாய் ஒன்று ஒரு வெள்ளி எண்பது, இழுத்து ஆற்றிய தே தாரிக் டீ இரண்டு வெள்ளி இருபது. ருசியில் குறை சொல்ல முடியாது. விலையைக் கேட்டபோதுதான் கொஞ்சம் விக்கியது. பிறகு நெடுஞ்சாலை. இரண்டு பக்கமும் செம்பனை, நடுவே லாரி, மறுபடி செம்பனை. இதை வர்ணிக்க எனக்குத் தெரியாது. வாரம் ஆறு நாள் அதன் பழத்தைப் பிழிகிறவனுக்கு அந்த மரத்தில் அழகு தெரிவதில்லை. செனாயில் கிழக்கே திரும்பி, ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்கு ஹாஸ்டல் வாசலில் நின்றேன்.

உலு திராம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. போன மாதம் புதர் இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடிக் கடைவரிசை. மாலா புதுச் சட்டை போட்டிருந்தாள், முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். நன்றாக இருந்தது, சொல்லவும் செய்தேன். காரில் ஏறி என் இடது பக்கம் உட்கார்ந்து, கடைக்கு வழி காட்டினாள்.

பத்து மணிக்குத் திறந்த கடை அது. கைப்பேசி, சார்ஜர், மெமரி கார்டு என்று சுவர் முழுக்கத் தொங்கியது. கடைக்காரர் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த தமிழ் முஸ்லிம், ஐம்பது வயதிருக்கும். தலையில் தொப்பி, கழுத்தில் தன் கடைச் சரக்கையே மாலையாகப் போட்டிருந்தார். என் பட்ஜெட்டைக் கேட்டதும் மூன்றை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார். பத்தொன்பது வெள்ளி தொண்ணூறு சென், முப்பத்தைந்து, ஐம்பத்தொன்பது.

நான் சோதிக்கும் முறையைச் சொன்னேன். பாட்டுப் போட வேண்டாம். மாலா சாலைக்கு அந்தப் பக்கம் போய் நின்று எனக்குப் போன் பண்ணுவாள், நான் இங்கே கேட்பேன். முப்பது வருட வியாபாரத்தில் இப்படி ஒரு வாடிக்கையாளரைப் பார்த்ததில்லை என்று கடைக்காரர் முகத்திலேயே எழுதியிருந்தது. இருந்தாலும் பொறுத்துக்கொண்டார்.

மாலா சாலையைக் கடந்து ஒரு சலவைக் கடை முன்னால் நின்று கை ஆட்டினாள். பத்தொன்பது வெள்ளிக்காரனை முதலில் போட்டேன். காதில் நிற்கவே இல்லை, தலையைத் திருப்பினால் வெளியே குதித்தது. அவள் குரல் தகர டப்பாவில் பேசுவதுபோல இருந்தது, அதுவும் வலது பக்கம் மட்டும். இடது பக்கம் சும்மா ஒரு முனகல். மலிவுச் சரக்கு, ஒரு பக்கம் செத்துப்போயிருக்கிறது என்று தள்ளி வைத்தேன்.

முப்பத்தைந்து நன்றாகப் பொருந்தியது. நுனி ரப்பரை மூன்று அளவில் கொடுத்திருந்தார்கள், நடு அளவு சரியாக அடைத்தது. "மத்தியானம் என்ன சாப்பிடலாம், மீன் தலைக் கறி போலாமா?" என்று மாலா கேட்டது தெளிவாக வந்தது. சந்தோஷமாகப் போய்விட்டது எனக்கு. ஆனால் இதிலும் இடது பக்கம் முனகல்தான். ஐம்பத்தொன்பதைப் போட்டேன். வலது பக்கம் அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. இடது பக்கம் அதே முனகல்.

எனக்குக் கோபம் வந்தது. மூன்றும் ஒரு பக்கம் வேலை செய்யவில்லை, ஞாயிற்றுக்கிழமை ஏமாளி எவனாவது வருவான் என்று வைத்திருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டேன். கடைக்காரர் ஐம்பத்தொன்பதை வாங்கி, ரப்பரை மாற்றித் தன் காதில் வைத்துக்கொண்டு மாலாவைப் பேசச் சொன்னார். இரண்டு பக்கமும் நன்றாகக் கேட்கிறதே என்றார். பிறகு ரப்பரை மறுபடி மாற்றி, இடது பக்கத்துக் குமிழை என் வலது காதில் செருகினார்.

மாலாவின் குரல் பளிச்சென்று வந்தது.

வலது பக்கத்துக் குமிழை இடது காதில் செருகினார். முனகல்.

அவர் இயர்ஃபோனைக் கழற்றிவிட்டு என் பின்னால் போய் நின்றார். வலது காதுப் பக்கம் இரண்டு விரலைத் தேய்த்தார், சரசரவென்று கேட்டது. இடது பக்கம் தேய்க்கச் சொன்னேன். "தேச்சிக்கிட்டுத்தான் இருக்கேன் பாஸ்" என்றார்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நாற்பத்தொரு வயதில், இயர்ஃபோன் கடையில் வைத்து, தன் காது செத்துப்போயிருப்பதைத் தெரிந்துகொள்வான் ஒருவன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். சாலைக்கு அந்தப் பக்கம் மாலா இன்னும் போனில் "ஹலோ, கேக்குதா, கேக்குதா" என்று சொல்லிக்கொண்டிருப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

என்ன வேலை என்று கடைக்காரர் கேட்டார். சொன்னேன். மில்லில் காதுக்கு மூடி தருவதில்லையா என்றார். தருகிறார்கள். சிவப்பு நிறத்தில், தலைக்கு மேலே வளையம் வைத்து, நல்ல மூடிதான். ஆனால் எங்கள் வாக்கி டாக்கி இடது தோளில் கிளிப் போட்டு மாட்டியிருக்கும். மூடியை இரண்டு பக்கமும் போட்டால் மேலாளர் கூப்பிடுவது கேட்காது, கேட்காவிட்டால் திட்டு. ஆகவே பிரஸ் பகுதியில் எல்லோருமே இடது மூடியை மேலே தள்ளிவிட்டு வேலை செய்வோம். புதிதாக வருகிறவனுக்கு நாங்களே அப்படிப் போடக் கற்றுக்கொடுப்போம். பாதுகாப்பு அதிகாரி வந்தால் மட்டும் இழுத்து விட்டுக்கொள்வோம். பதினாறு வருடமாக ஒரு காதைப் பத்திரமாக மூடி, இன்னொன்றை இயந்திரத்துக்கு நேராக நானே திறந்து வைத்திருக்கிறேன்.

கடைக்காரர் ஐம்பத்தொன்பதைத் திரும்ப எடுத்து உள்ளே வைத்துவிட்டார். முதலில் டாக்டரைப் பாருங்கள், காசை அங்கே செலவழியுங்கள் என்றார். மாலா வந்து விஷயத்தைக் கேட்டாள். ஐயையோ என்பதுபோல "அலமாக்" என்று மெதுவாகச் சொன்னாள். அவள்தான் முப்பத்தைந்து வெள்ளியை எண்ணிக் கொடுத்து நடுவில் இருந்ததை வாங்கினாள். வலது பக்கம் ஒன்று போதும் இவருக்கு என்றாள். குரலில் கேலி இல்லை.

மீன் தலைக் கறிக் கடையில் இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஒன்றே முக்காலுக்கு ஹாஸ்டல் வாசலில் காரை நிறுத்தினேன். மாலா இறங்கவில்லை. முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு மெதுவாக ஏதோ சொன்னாள். உதடு அசைந்ததைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கார் ஓட்டுகிறவன் நான், பக்கத்தில் உட்காருகிறவள் அவள். கல்யாணமாகி இத்தனை வருடம் நாங்கள் மனம்விட்டுப் பேசியதெல்லாம் காரில்தான். அவள் பேசியது அத்தனையும் என் இடது காதில்.

கேட்கவில்லை என்றேன். அவள் இறங்கிச் சுற்றி வந்து என் பக்கத்து ஜன்னலில் கை வைத்து நின்றாள்.

"மொத மொத என்னை இங்க கொண்டாந்து விட்டீங்களே, அன்னைக்கு வழியில நான் ஒண்ணு கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

இல்லை என்றேன்.

"யோங் பெங் டோல் தாண்டினதும் கேட்டேன். எனக்குப் போகவே மனசில்ல, ஒரு வார்த்தை சொல்லுங்க, ஆயர் ஹீத்தாம்ல வெளியேறித் திரும்பிடலாம்னு. நீங்க ரோட்டையே பாத்துக்கிட்டு ஓட்டினீங்க. ஆயர் ஹீத்தாம் போர்டு வந்துச்சு, போயிடுச்சு. சரி, இவருக்கு நான் போறதுதான் வேணும்போலனு நினைச்சுக்கிட்டேன்."

அவளுக்கு நகரத்து வேலைமேல் ஆசை, தடுத்தால் பாவம் என்று நினைத்து, அந்தப் பயணம் முழுக்கப் போகாதே என்ற வார்த்தையை விழுங்கிக்கொண்டு ஓட்டியவன் நான். பதினான்கு மாதம் தனியாகச் சோறு பொங்கித் தின்றவனும் நான்தான். அந்தக் கேள்வி என் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்திருக்கிறது.

"இப்ப கேளு மாலா. இந்தப் பக்கம் கேக்குது."

அவள் குனிந்து என் வலது காதுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"இப்ப கேக்க ஒண்ணும் இல்லங்க. என்னை லைன் லீடர் ஆக்கியிருக்காங்க. முப்பது பேரு எனக்குக் கீழ. ரெண்டு வாரம் முன்னாடி போன்ல சொன்னேன். நீங்க சரி சரி, சாப்பிட்டியானு கேட்டீங்க."

அன்றைக்கு எனக்கு அது இரண்டாவது அடி. முதல் அடிக்காவது காதைக் குறை சொல்லலாம், இதில் காதில் விழாமலே சரி சரி என்றவன் நான். லைன் லீடர் என்றால் என்ன வேலை என்று கேட்டேன். சொன்னாள். எத்தனை மணிக்குப் போக வேண்டும், யார் முரண்டு பிடிக்கிறார்கள், எந்தப் பாகம் அடிக்கடி பழுதாகிறது, எல்லாம் சொன்னாள். வெயிலில் நின்றபடி அரை மணி நேரம் பேசினாள். இவ்வளவு நன்றாகப் பேசுவாள் என்றே எனக்குத் தெரியாது. முடித்துவிட்டு, அன்று காரில் நான் சொன்னது உங்கள் காதில் விழுந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்றாள்.

"திருப்பியிருப்பேன்."

அவள் கண் கலங்கியது. ஆனால் சிரித்தாள். "நல்லவேளை உங்களுக்குக் கேக்கல. அன்னைக்கு ராத்திரி பூரா அழுதேன். ரெண்டும் உண்மைதாங்க." ஜன்னலை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

இரண்டரைக்கு உலு திராமை விட்டேன். திரும்பி வரும்போது ஊர் சின்னதாகத் தெரியும் என்பார்கள். எனக்கு லாபிஸ் ரொம்பத் தூரமாகத் தெரிந்தது. திங்கட்கிழமை செகாமட் மருத்துவமனைக்குப் போக வேண்டும், செவ்வாய்க்கிழமை பிரஸ் பகுதியில் ஒவ்வொருவன் தலையிலும் அந்த மூடியை இழுத்து விட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன். மூன்றே முக்காலுக்கு ஆயர் ஹீத்தாம் பலகை வந்தது. வெளியேறும் வழி இடது பக்கம். என்னை அறியாமல் வண்டியின் வேகம் குறைந்திருக்கிறது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அது நன்றாகக் கேட்டது.