விரால் பிடித்த கத்தி

என்னைப் பெண் பார்க்க வருபவரோடு விரால் பிடிக்கப் போகலாம் என்பது அண்ணனின் யோசனை. இருவரும் ரயில்வே பட்டறையில் ஒன்றாக வேலை பார்த்தார்கள். பலகாரத் தட்டை நீட்டி நிற்பதைவிட ஏரிக்கரை மேல் என்று சம்மதித்தேன்.

தூண்டில் சாமான்களை நான்தான் எடுத்து வைத்தேன்: மூங்கில் கம்பு, மெழுகு தடவிய நூல், தக்கை, மூன்று அளவில் முள். தாதிப் பயிற்சியின் பழக்கத்தில் முட்களைக் கொதிக்க வைத்திருந்தேன்.

"விராலுக்கு ஊசி போடப் போறீங்களா?" என்றார் பெண் பார்க்க வந்தவர், ஏரிக்கரையில் அதைக் கேட்டதும். எனக்கும் சிரிப்பு வந்தது.

பிறகு தன் தகர டப்பாவைத் திறந்தார். வெயிலில் அழுகிய கோழிக்குடல், ஙாப்பி என்னும் புளித்த மீன் விழுதில் பிசைந்தது. "நாத்தம் இருந்தாத்தான் விரால் வரும்." குடலைப் பேனாக்கத்தியால் நறுக்கி முள்ளில் கோத்தார். கத்தியை லுங்கியில் துடைத்து, அதனாலேயே மாங்காயைக் கீறி எங்களுக்குக் கொடுத்தார். என் கீற்றின் ஓரத்தில் குடல் நூலாக ஒட்டியிருந்தது. கீற்றைப் புல்லில் நழுவவிட்டேன்.

முழங்கை நீள விரால் ஒன்று அகப்பட்டது.

எங்கள் வீடிருந்த மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டைக்குத் திரும்பும் வழியில் அண்ணன் கேட்டார். "சரின்னு சொல்லிடவாம்மா?"

"வேண்டாண்ணே."

"நல்ல மனுசன். என்ன காரணம் சொல்றது?"

"குடல் நறுக்குன கத்தியிலதான் மாங்காயும் வெட்டினாரு."

அண்ணன் மெல்லுவதை நிறுத்தி, கையிலிருந்த மாங்காயை மோந்து பார்த்தார்.