தூசியும் சுணையும்

1973 பிப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை, தை 24. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் வரவில்லை; கிணற்றில் இறைத்துக் குளித்தேன். இரண்டு இட்லி, காப்பி. ஏழே முக்காலுக்கு ஆஸ்பத்திரி. கண் பிரிவின் வருகைப் பதிவேட்டில் வழக்கம்போல என் கையெழுத்துதான் முதலாவது. அன்றைய நாட்குறிப்பில் இவ்வளவும் இருக்கிறது. மற்றதை அன்று எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

பக்கத்து மேசையில் உட்கார்ந்து நோயாளிகளைப் பார்த்த பெண் டாக்டர் எங்கள் பிரிவுக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அறுவடைக் காலத்தில் வரும் கருவிழிப் புண்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையைச் சென்னையில் ஒரு மருத்துவ மாநாட்டில் வாசிக்க ஏற்றுக்கொண்டிருந்தார்கள். முந்தைய வாரம் எங்கள் பிரிவுத் தலைவர் அதைக் கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டினார். நான் பதினோரு வருடமாக அதே புண்களைத் தனி நோட்டில் தேதி வாரியாகக் குறித்து வருகிறேன். புண்ணின் அளவு, இடம், எல்லாம் படத்தோடு. ஒரு பக்கத்தில்கூட அடித்தல் திருத்தல் கிடையாது. அந்த நோட்டைப் பற்றித் தலைவர் ஒரு நாளும் கேட்டதில்லை. கட்டுரை படிக்கப்பட்டபோது எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். உள்ளங்கை எரிந்தது.

அன்று பத்தரை மணிக்கு என் மேசைக்கு நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தார். நாற்பது வயதிருக்கும். வலது கண்ணைச் சேலைத் தலைப்பால் பொத்தியிருந்தார்.

"என்னம்மா பட்டுச்சு?"

"தூசிங்கய்யா. பஸ்ஸுல வர்றப்ப."

"எத்தனை நாளாச்சு?"

"நாலு நாளு."

வலது கருவிழியில் சாம்பல் நிறப் புண். இடது கண்ணில் சிறு வயதிலேயே பூ விழுந்து பார்வை இல்லை. வலது கண்ணும் போனால் அவருக்கு வெளிச்சமே இல்லை. இதையெல்லாம் ஒழுங்காக எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'எஃப்.பி.' என்று எழுதினேன். கண்ணுக்குள் போன அந்நியப் பொருள் எதுவானாலும் எங்களுக்கு அந்த இரண்டெழுத்துதான். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை விடச் சொல்லி வார்டில் சேர்த்தேன்.

மதியம் வார்டுக்குப் போனபோது அந்தப் பெண் டாக்டர் அந்த அம்மாளின் கட்டிலருகே நின்று அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையெல்லாம் என்னம்மா இது, கோடு கோடா? பஸ்ஸு கிள்ளிடுச்சா?"

அந்த அம்மாள் வலியோடு சிரித்துவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "வெளிய சொல்லிடாதீங்க டாக்டரம்மா. கூலி சண்டை தீர்ற வரைக்கும் யாரும் அறுப்புக்கு எறங்கக் கூடாதுன்னு சங்கத்துல சொல்லிட்டாங்க. வூட்டுல ஒலை வைக்க ஒண்ணுமில்ல. வெளியூரு ஆளுங்களோட போயி நானும் அறுத்தேன். களத்துல கதிரடிக்கிறப்ப கண்ணுல சுணை போயிடுச்சு."

"யாரு வயலு?"

"யாருதுன்னு சொல்றது? நெலத்துக்கு உச்சவரம்புன்னு சட்டம் வந்ததுலேருந்து ஒரே வயலு பத்துப் பேருல இருக்கு. மாடு மேய்க்கிறவன் பேருலகூட இருக்காம். பாவம், அவனுக்கே தெரியாது."

அடுத்த கட்டில்காரர்களும் சிரித்தார்கள். என்னிடம் பஸ் என்று சொன்னவர் அவரிடம் களம் என்கிறார். எனக்குள் ஏதோ சுருக்கென்றது.

பெண் டாக்டர் என்னிடம் வந்தார். "சார், அது தூசி இல்ல, சுணை. சொட்டை நிறுத்திட்டுப் புண்ணைச் சுரண்டி மைக்ராஸ்கோப்புல பாத்துடலாமா?"

அவருடைய கட்டுரையே அதுதான். நெல்லின் மேலுள்ள நுண்ணிய முள்ளான சுணையோ, உள்ளீடற்ற பதரோ பட்ட புண்ணில் பூஞ்சை பிடிக்கிறது; ஸ்டீராய்டு விட்டால் அது இன்னும் வேகமாகப் பரவுகிறது. நோயாளி சொன்ன சொல்லை அப்படியே எழுதி வைத்ததால்தான் அவரால் இதைப் பிரித்துப் பார்க்க முடிந்தது.

"கட்டுரைக்குக் கேஸ் குறையுதா டாக்டர்?" என்றேன். "இது என் பெட்டு, என் நோயாளி."

அவர் முகம் சிவந்தது. "அதுக்கில்ல சார். அந்தம்மாவுக்கு இருக்கிறது ஒரு கண்ணுதான்."

"எனக்குத் தெரியும். நான்தான் எழுதினேன்."

மாலை வீட்டில் என் நோட்டைத் திறந்தேன். பதினோரு வருடத்து அறுவடைகள். ஒவ்வொரு பக்கத்திலும் எஃப்.பி., எஃப்.பி., எஃப்.பி. நானும் இந்த ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். சுணை என்றால் என்ன, பதர் என்றால் என்ன என்று யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர்களில் எத்தனையோ பேர் என்னிடமும் சுணை என்றுதான் சொல்லியிருப்பார்கள். மருத்துவக் குறிப்பில் எழுதத் தகுந்த சொல்லாக அது எனக்குத் தோன்றியதே இல்லை. எவ்வளவு சுத்தமான நோட்டு! அதிலிருந்து ஒருவராலும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

அப்போது மணி ஆறரை. ஆஸ்பத்திரி பத்து நிமிட நடை. ஆறு மணிச் சொட்டு விட்டிருப்பார்கள். ஒன்பது மணிச் சொட்டை நிறுத்தியிருக்கலாம். ஆனால் எட்டு மணி வரை வார்டில் அந்தப் பெண் டாக்டருக்குத்தான் பணி. அவர் பார்க்க நான் போய் என் எழுத்தை அடிக்க வேண்டும். எட்டுக்குப் பிறகு போனாலும் சிஸ்டர் மறுநாள் அவரிடம் சொல்லிவிடுவார். நான் போகவில்லை. சாப்பிட்டுப் படுத்தேன். ஒன்பதும் பன்னிரண்டும் அடித்தது கேட்டது.

மறுநாள் காலை ஆறேகாலுக்கு ஆஸ்பத்திரியில் இருந்தேன். பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல் நேராக வார்டுக்குப் போனேன். முதலில் அந்த அம்மாளின் கேஸ் ஷீட்டை எடுத்துச் சொட்டு மருந்தை அடித்தேன். எஃப்.பி. என்பதையும் அடித்து, மேலே 'சுணை' என்று தமிழிலேயே எழுதினேன். கண்ணை மரத்துப்போகச் செய்யும் மருந்தைக் கையில் எடுத்தேன்.

"அந்த டாக்டரம்மா வரலீங்களாய்யா?" என்றார் அவர்.

"அவங்க எட்டு மணிக்குத்தான் வருவாங்க. கண்ணைத் தொறங்க, நான் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் புண்ணின் ஓரத்தைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் தடவினேன்.