தலைவலிக்குக் கண்ணாடி கேட்டவர்கள்

கண்ணாடிக் கடைக்கு வருகிற பலருக்குக் கண்ணில் குறை இருக்காது, தலைவலிதான் இருக்கும். ஹட்டனில் ஒரு கடையில் பன்னிரண்டு வருஷமாகக் கண் பரிசோதிக்க உதவியாக இருக்கிறேன். உங்களில் யாராவது பாதித் தலையைப் பிடித்துக்கொண்டு இதை வாசித்தால் கூச்சப்படாதீர்கள். நானும் உங்கள் ஆள்தான்.

கங்காணிக்காக

டயகமவிலிருந்து வந்த செல்வராணி, தேயிலைத் தோட்டத்தில் கங்காணியின் மேற்பார்வையில் கொழுந்து பறிப்பவர். எழுத்துப் பலகையின் கடைசி வரியைக்கூடத் தடுமாறாமல் வாசித்தார். வெயில் ஏறினால் ஒரு பக்கத் தலை மட்டும் தெறிக்குமாம், கண்முன் மின்னல் கோடு ஓடுமாம், பிறகு வாந்தியாம். அப்படியே என் கதை.

"அக்கா, இது ஒற்றைத் தலைவலி. ஆஸ்பத்திரியில காட்டுங்க, மருந்து தருவாங்க. கண்ணாடி வேணாம்" என்றேன். மருந்தும் வாங்குகிறேன், கண்ணாடியும் வேண்டும் என்று நின்றார். பவரே இல்லாத கண்ணாடி எதற்கு என்று கேட்டேன்.

"கண்ணாடி போட்டிருந்தா கங்காணி நம்புவாருங்க. தலைவலிய எங்க கொண்டு போயி காட்டுறது?"

துணைக்கு வந்த தங்கச்சி

சனிக்கிழமைகளில் எங்கள் கடைக்கு ஒரு கண் டாக்டர் வருவார். தலைவலி என்று யார் சொன்னாலும், வீட்டில் வேறு யாருக்கு என்ன வியாதி என்று கேட்பது அவர் வழக்கம். மஸ்கெலியாவிலிருந்து ஒரு பெண் தலைவலியோடு வந்தபோதும் கேட்டார். "அம்மாவுக்கும் இதே தலைவலிங்க. இவளுக்கு இல்ல. மாசத்துல மூணு நாள் வயித்து வலியில சுருண்டு கெடப்பா, அவ்வளவுதான்" என்று பக்கத்தில் இருந்த தங்கச்சியைக் காட்டினாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கருப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு வெளியே வளர்கிற ஒரு நோய் உண்டு, அதற்கும் ஒற்றைத் தலைவலிக்கும் சில மரபணுக்கள் பொது என்றார். "ஒண்ணு இருந்தா மத்தது கட்டாயம் வரும்னு இல்ல. ஆனா பாத்துடணும்" என்று பெண்கள் கிளினிக்குக்குக் கடிதம் எழுதினார். சில மாதம் கழித்து அக்காவும் தங்கச்சியும் கடைக்கு வந்தார்கள். அதே நோய்தானாம், வைத்தியம் நடக்கிறது, வலி குறைந்திருக்கிறது.

"பத்து வருஷமா வயித்தப் புடிச்சிக்கிட்டு கெடந்தேன்ங்க, கடைசியில கண்ணு டாக்டர்தான் என்னன்னு கேட்டாரு" என்றாள் தங்கச்சி.

வாப்பாவின் சொத்து

பூண்டுலோயாவில் துணிக்கடை வைத்திருக்கும் நிசார் நானா வாசிக்கிற கண்ணாடிக்கு வந்தார். கண்ணின் உள்ளே பார்த்த டாக்டர், ரத்தக் குழாய்களில் பிரஷரின் அடையாளம் தெரிகிறது என்றார். அளந்தால், ஏகத்துக்கு இருந்தது. டாக்டருடைய ஆவல் எனக்கும் தொற்றியிருந்தது. "வீட்ல யாருக்காவது ஒத்தத் தலைவலி இருக்கா நானா?" என்றேன். கூடப்பிறந்த ராத்தாவுக்குச் சின்ன வயசிலிருந்தே இருக்கிறதாம். வாப்பாவுக்கு இரண்டுமே இருந்ததாம். பிரஷருக்கும் ஒற்றைத் தலைவலிக்கும்கூட மரபணுவில் கொஞ்சம் உறவு உண்டு என்றார் டாக்டர். நானா மருந்து எழுதிய துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"காணியத்தான் சண்ட போட்டுப் பிரிச்சோம், இத வாப்பாவே ஒழுங்கா பங்கு வச்சிருக்காரு."

ஜன்னல்

டாக்டர் ஒருநாள் மனச்சோர்வும் ஒற்றைத் தலைவலியின் சொந்தபந்தத்தில் ஒன்று என்றபோது, என் கையில் இருந்த லென்ஸைத் துடைப்பதை நிறுத்திவிட்டேன். என் அண்ணன் கொழும்பில் வேலையை விட்டு வந்து எட்டு மாதமாகப் படுக்கையில் கிடந்தான். சோம்பேறி என்று அப்பா தினமும் ஏசுவார். நானும் சேர்ந்து ஏசியிருக்கிறேன்.

அன்று வீட்டுக்குப் போய் அவன் கட்டிலில் உட்கார்ந்து, டாக்டர் சொன்னதைச் சொன்னேன். என் தலைவலியும் உன் நிலைமையும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருக்கலாம், மனநலக் கிளினிக்குக்குப் போவோம் என்றேன். மறுவாரம் என்னோடு பஸ் ஏறினான். இப்போது மாதாமாதம் தானாகவே போகிறான், பாதி நாள் வேலைக்கும் போகிறான். ஆனால் அன்று கட்டிலில் அவன் சொன்னது எனக்கு இன்னும் வலிக்கிறது.

"நீ தலைவலின்னு படுத்தா ஜன்னலச் சாத்தி விடுறாங்க, நான் படுத்தா தொறந்து விட்டு ஏசுறாங்க."

இப்போதெல்லாம் தலைவலி என்று யார் வந்தாலும் அப்பா, அம்மா, அண்ணன், தங்கச்சி என்று நான் விசாரிக்கிற விசாரிப்பில், கண்ணாடிக் கடைக்குப் பதில் கல்யாணத் தரகர் வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று வாசல் போர்டை ஒரு தரம் திரும்பிப் பார்க்கிறார்கள்.