ஹோவிதாவின் இரண்டாவது குண்டு

செபு தீவில் எங்கள் ஊரான தனாவோவில் கைத்துப்பாக்கி செய்யும் தொழிற்சாலையில் ஹோவிதாவுக்கும் எனக்கும் அடுத்தடுத்த மேஜை. விசைப் பகுதியைப் பொருத்துவது அவள் வேலை. போட்டிகளிலும் சுடுவாள். அந்த வருடம் மாகாண அணித் தேர்வு செபு நகரத்தில் ஒரு குளிரூட்டிய அரங்கில் வாரம் ஒரு சுற்றாக நடந்தது. முதல் சுற்றில் அவள் துப்பாக்கி ஒரே ஒரு குண்டு சுட்டது. அதோடு விசை செத்துவிட்டது.

வீட்டில் குண்டில்லாமல் இயக்கிப் பார்த்தால் குறையே இல்லை. மறுநாள் என்னிடம் பொருமித் தீர்த்தாள்.

"விசையை அழுத்தினா உள்ள இருக்கிற கொக்கி சுத்தியலை விடும். அது ஊசியை அடிக்கும். வெடிச்சதும் மேல்மூடி பின்னாடி ஓடி, இந்தக் குட்டித் துண்டைக் கீழ அமுக்கிடும். அப்ப விசைக்கும் கொக்கிக்கும் தொடர்பே இருக்காது. அதனாலதான் ஒரு அழுத்துக்கு ஒரு குண்டு. மூடி முன்னாடி வந்து, நான் விரலை விட்டா, துண்டு மறுபடி எழும்பணும். அது எழும்பித் தொலைய மாட்டேங்குது!"

துண்டை மேலே தள்ளும் சுருள்வில்லை மாற்றினாள். துண்டையே புதிதாகப் போட்டாள். இரண்டாம் சுற்றிலும் அதே கதை.

"ஊருக்கெல்லாம் துப்பாக்கி பூட்டிக் குடுக்கிறே, உன்னோடது மட்டும் ஊமையா?" என்றார் பயிற்சியாளர் கிறிஸ்புலோ.

"சிரிங்க நோங், நல்லா சிரிங்க," என்றாள். வயதில் மூத்த ஆண்களை எங்கள் ஊரில் 'நோங்' என்றுதான் மரியாதையாக அழைப்போம்.

கடைசிச் சுற்றுக்கு நானும், அவள் கணவன் அனிசெத்தோவும் போயிருந்தோம். அங்கே பல் கிட்டும் குளிர். துப்பாக்கி மறுபடி நின்றது. நடுவர் குண்டுகளை எடுத்த பிறகு, அரங்கின் பழுதுபார்க்கும் மேஜையிலேயே அதைப் பிரித்தாள். துண்டைச் சுற்றி வெள்ளையாக என்னவோ உறைந்திருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தாள்.

"தேங்காய் எண்ணெய்!"

அனிசெத்தோ படகு எஞ்சின் ஓட்டுகிறவர். தலையைச் சொறிந்தபடி, அவளைச் செல்லமாக அழைக்கும் 'இண்டாய்' என்ற பெயரைச் சொல்லி ஆரம்பித்தார்.

"உப்புக்காத்துல துரு பிடிக்குமேன்னு நீ போட்டிக்குக் கிளம்புறப்பல்லாம் ரெண்டு சொட்டு விட்டேன், இண்டாய். வீட்டுல தண்ணியாத்தானே இருந்துச்சு?"

"வீட்டுல ஏசி இருக்கா? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

துடைத்துப் பூட்டினாள். மீதிக் குண்டுகள் அத்தனையும் தடங்கலின்றிப் பாய்ந்தன. ஆனால் புள்ளிகள் ஏற்கெனவே போய்விட்டன. அணியில் இடம் வேறொரு பெண்ணுக்குக் கிடைத்தது.

திரும்பும் பேருந்தில் கணவனைத் தனியே உட்காரவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கெட்ட எண்ணத்துல செஞ்சிருந்தா கத்தியாவது தீர்த்திருப்பேன். இந்த ஆள் பாசத்துல செஞ்சிருக்கானே, நான் யார்கிட்டப் போய்க் கத்துறது?" என்றாள். தனாவோ வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.